ஆறுமுகம் பிள்ளை பெயரையும் எழுதுங்கள்

புனேயில் வேலைக்குப் போய்க்கொண்டே படம் போடும் தமிழ் நண்பர்களுக்கு,

உங்களில் பாதிப் பேர் ஹிஞ்சேவாடியில் கணினி முன்னால் உட்காருகிறவர்கள். சிலர் சாகன், பிம்பிரி பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தாத்தா காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. சனி, ஞாயிறு வந்தால் பால்கனியில் பழைய நாளிதழை விரித்து, ஈஸலை நிறுத்தி, மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். சமீபத்தில் நீங்கள் சேர்ந்து வைத்த கண்காட்சிக்கு நானும் வந்திருந்தேன். படங்களைப் பற்றிச் சொல்ல நல்லதாகவே நிறைய இருக்கிறது. அதை நேரில் சொல்லிக்கொள்கிறேன். இந்த மடல் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டைகளைப் பற்றியது.

ஏறக்குறைய எல்லா அட்டையிலும் ஒரே செய்தி. முறையான பயிற்சி இல்லை, சுயமாகக் கற்றவர். இரண்டு மூன்று பேரிடம் பேச்சுக் கொடுத்தபோதும் அதேதான் வந்தது: "யார்கிட்டயும் போகல சார், எல்லாம் நானா கத்துக்கிட்டது." சொல்லும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி. உழைத்துக் கற்றவருக்கு அந்த மலர்ச்சி வரத்தான் செய்யும், வரட்டும். ஆனால் இந்தப் பெருமை நாளாக ஆக உங்கள் படத்துக்கே கெடுதல் செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல, நீங்கள் மழைக்காலத்தில் அடிக்கடி இறங்கும் ஒரு ரயில் நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும்.

புனே–லோணாவளா லோக்கலில் காம்ஷேத் தாண்டினால் மளவலி. அங்கே இறங்குகிறவர்கள் கார்லா, பாஜே குகைகளுக்கும் லோஹகட், விசாப்பூர் கோட்டைகளுக்கும் போவார்கள். நீங்களும் போயிருப்பீர்கள், உங்கள் படங்களில் விசாப்பூர் படிக்கட்டு அருவியை நான் மூன்று இடத்தில் பார்த்தேன். அந்த மளவலியில்தான் ஒரு காலத்தில் ராஜா ரவி வர்மாவின் அச்சகம் இருந்தது. பம்பாயில் 1894-ல் தொடங்கிய அச்சகம், பிளேக் நோய், கடன், கூட்டாளி விலகல் என்று அடுக்கடுக்காக அடிபட்டு, 1899-ல் இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்கு மாறியது. நம் பாட்டி வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மங்கிப்போன லட்சுமி படம் இருந்திருந்தால், அதன் அடியில் பொடி எழுத்தில் கார்லா, லோணாவளா என்று அச்சாகியிருந்ததா என்று ஒருமுறை பாருங்கள். மாவள் தாலுகாவிலிருந்து புறப்பட்ட கடவுள்கள் நம் ஊர்ப் பூஜையறை வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

சுயமாகக் கற்ற ஓவியர் என்றதும் இந்தியாவில் முதலில் சொல்லப்படும் பெயர் ரவி வர்மா. உங்களில் ஒருவர் தன் அட்டையிலேயே "ரவி வர்மாவைப் போல" என்று எழுதியிருந்தார். அதனால்தான் அவரையே எடுத்துக்கொள்கிறேன்.

1848 ஏப்ரல் 29-ல் திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தவர். கரித்துண்டால் வீட்டுச் சுவரில் கிறுக்கிய சிறுவன் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிறுக்கலைக் கண்டு கோபித்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்காரவைத்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. அவர் தஞ்சாவூர் பாணியில் படம் எழுதத் தெரிந்தவர். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தஞ்சாவூர் ஓவியம் வளர்ந்தது தஞ்சை மராட்டியர் அவையில். சிவாஜியின் மாற்றாந்தாய் வழித் தம்பி வெங்கோஜி 1670-களில் அங்கே போய் உட்கார்ந்ததிலிருந்து தொடங்குகிற கதை. புனே ஜாகீர்தாரின் மகன் ஒருவர் தஞ்சைக்குப் போகிறார், அந்த அவையில் வளர்ந்த ஓவியம் கிளிமானூருக்குப் போகிறது, கிளிமானூர்ப் பையனின் அச்சகம் கடைசியில் புனே மாவட்டத்துக்கே வந்து சேர்கிறது. கற்பனைக்காக நான் கட்டியதல்ல. வரைபடத்தில் கை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

ஆக, ஏழெட்டு வயதிலேயே ரவி வர்மாவுக்கு ஓர் ஆசான் இருந்தார். வீட்டுக்குள்ளேயே இருந்ததால் கணக்கில் வரவில்லை.

1862-ல், பதினாலு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரம் அழைத்துப் போனார். மன்னர் ஆயில்யம் திருநாள் பையனின் கையைப் பார்த்து அங்கேயே தங்கச் சொன்னார். அரண்மனையில் ஐரோப்பிய ஓவியங்கள் இருந்தன, படங்களடங்கிய புத்தகங்கள் இருந்தன. எண்ணெய் வண்ணம் கையாளத் தெரிந்த அரசவை ஓவியர் ஒருவரும் இருந்தார்: மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். சில நூல்களில் நாயுடு. பையனுக்கு அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்வது. தொழில் ரகசியம், போட்டி பயம், எதுவாகவும் இருக்கலாம். அரண்மனைச் சம்பளத்தில் பிழைக்கிறவர், மன்னரின் உறவு வட்டத்துப் பையனுக்குத் தன் வித்தையைக் கொடுத்துவிட்டால் நாளைக்குத் தன் நிலை என்ன என்று யோசித்திருந்தால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய உருவப்பட ஓவியர் மன்னரை வரைய வந்தார். அவரும் கற்பிக்கவில்லை. ஆனால் வரையும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள அனுமதித்தார். இருபது வயது ரவி வர்மா நின்று பார்த்தார். சுயமாகக் கற்றவர் என்ற புகழ் இங்கேதான் பிறக்கிறது: கண்ணாலேயே திருடிக்கொண்டார், இரவில் தன் அறையில் செய்து பார்த்தார் என்று.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் கைதட்டிவிட்டுப் போயிருப்பேன். எண்ணெய் வண்ணம் பழகியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியும், பக்கத்தில் நின்று பார்த்தால் எது பிடிபடும், எது பிடிபடாது என்று. தூரிகையை எப்படிப் பிடிக்கிறார், முகத்தை எங்கிருந்து தொடங்குகிறார், எந்த வண்ணத்தோடு எதைக் குழைக்கிறார் என்பது தெரியும். ஆளிவிதை எண்ணெய் எத்தனை சொட்டு, டர்பன்டைன் எவ்வளவு, துணிக்குப் பூசிய அடிப்பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்கவேண்டும்; மாற்றிச் செய்தால் அன்றைக்குப் படம் அழகாகத்தான் இருக்கும், காய்ந்து இறுகும்போது மேல்தோல் பாளம் பாளமாக வெடிக்கும். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்குள் வருஷம் போய்விடும். யாராவது வாய் திறந்து சொன்னால் அஞ்சு நிமிஷ வேலை.

அப்படி வாய் திறந்தவர் ஒருவர் உண்டு. ஆறுமுகம் பிள்ளை. ராமசாமி நாயக்கரிடம் உதவியாளராக இருந்தவர். பெரியவருக்குத் தெரியாமல், இரவு நேரத்தில் வந்து, இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார் என்று வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. தெரிந்திருந்தால் அவருடைய வேலை போயிருக்கும். ரவி வர்மாவைப் பற்றிய தடித்த நூல்களில் அவருக்கு ஒன்றிரண்டு வரி. அதற்குமேல் இல்லை. ராஜா என்ற பட்டத்தோடு ஒருவர் உலகம் அறிய நிற்கிறார். ஓர் உதவியாளர் அந்த இரண்டு வரியோடு சரி.

உங்கள் அட்டைகளைப் படித்தபோது எனக்கு ஆறுமுகம் பிள்ளைதான் நினைவுக்கு வந்தார். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆறுமுகம் பிள்ளை இருப்பார். லட்சுமி ரோடு பக்கம் வண்ணம் விற்கும் கடையில், அந்த பிரஷ் வேண்டாம், முடி உதிரும் என்று எடுத்துக்கொடுத்த ஊழியர். பள்ளியில் டிராயிங் பீரியடில், கணக்கு வாத்தியார் கடன் கேட்டபோதும் பீரியடை விட்டுக்கொடுக்காத மாஸ்டர். யூடியூபில் முகம் காட்டாமல் கையை மட்டும் காட்டி, நிழலில் கறுப்பைப் போடாதே, நீலத்தைப் போடு என்று சொன்ன யாரோ ஒரு பெண். இவர்களையெல்லாம் யாருமில்லை என்று எழுதிவிட்டீர்கள்.

பெருமை கெடுதல் செய்யும் என்றேனே, அது நன்றி மறப்பதைப் பற்றி மட்டுமல்ல. நானாகக் கற்றேன் என்று தீர்மானித்துவிட்டவருக்குத் தனக்குக் கைவந்த முதல் பாணியின் மேல் அளவுக்கு மீறிய பாசம் வந்துவிடுகிறது. அது தன் கண்டுபிடிப்பு அல்லவா! அதை விட்டு நகர மனம் வருவதில்லை. உங்களில் ஒருவர் வரிசையாகப் பத்துப் படமும் மயில்தான் வைத்திருந்தார். கழுத்து நீலம் அபாரம். பத்தாவது மயிலிலும் அதே நீலம், அதே வளைவு. அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவர் கை நல்ல கை.

ரவி வர்மா அப்படி ஓரிடத்தில் நின்றவரில்லை என்பதால்தான் அவர் கதை உங்களுக்கு உதவும். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் வாங்கிய படம், கண்ணாடி முன் நின்று கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண். அதே ஆண்டு வியன்னாவிலும் விருது. அதற்கடுத்து ஒரு தமிழ்ப் பெண், மடியில் நரம்பு வாத்தியத்தோடு. 1875-ல் வந்த வேல்ஸ் இளவரசருக்குப் பரிசாகப் போனது அந்தப் படம். பதக்கம் கிடைத்த பாதையிலேயே தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களை ஆயுளுக்கும் வரைந்து காசு பார்த்திருக்கலாம். ஆனால் 1876-ல், குப்புறப் படுத்துத் தாமரை இலையில் கடிதம் எழுதும் சகுந்தலையைக் கொண்டுவந்து வைத்தார். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு வாங்கிக்கொண்டார். மோனியர் வில்லியம்ஸ் தன் சாகுந்தல மொழிபெயர்ப்பின் முகப்பில் அதைப் போட்டார். அதுவரை வரைந்தது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளை. இப்போது எதிரில் இல்லாத ஒரு நாடகக் கணத்தை வரைய வேண்டும். அதற்கு வேறொரு பயிற்சி தேவை. அதை அவர் கூத்து மேடையிலும் நாடகக் கொட்டகையிலும் தேடிப் போனார்.

1888-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் பதினான்கு புராணப் படங்கள் கேட்டார். அப்போது ரவி வர்மாவுக்கு நாற்பது வயது, நாடறிந்த பெயர். அந்த நிலையில் ஒருவர் என்ன செய்வார்? கேட்டதைப் போட்டுக் கொடுத்துப் பணத்தை வாங்குவார். இவரோ தம்பி ராஜராஜ வர்மாவையும் அழைத்துக்கொண்டு வட இந்தியப் பயணம் கிளம்பினார். தமயந்திக்கு என்ன உடுத்துவது? மலையாள முண்டு உடுத்திய தமயந்தியைப் பஞ்சாபிக்குத் தெரியாது. காக்ரா கட்டிய சீதையை மதுரையில் ஏற்க மாட்டார்கள். ஊர் ஊராகப் பார்த்தும் எல்லோருக்கும் பொதுவான பழைய உடை என்று ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் இந்தத் தக்காணத்துப் புடவைக் கட்டின் சாயல் அவருடைய கதாநாயகிகளுக்கு வந்து சேர்ந்தது. ரயிலில் எதிர் இருக்கையில் உட்காரும் மராட்டியப் பெண்ணின் கொசுவத்துக்கும், நம் வீட்டு நாட்காட்டி சரஸ்வதியின் கொசுவத்துக்கும் உறவு இருப்பது இப்படித்தான்.

என் கருத்தைக் கேட்டால், அந்தப் பரோடா படங்களை நான் அவருடைய உச்சமாக நினைப்பதில்லை. மேடை வெளிச்சம் அதிகம். கண்ணீர் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. கைகளை விரித்துத் திகைத்து நிற்கும் ஆண்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர் பெரியவர் என்று என்னை ஒப்புக்கொள்ளவைக்கும் படம் வேறு. 1893 வாக்கில் வரைந்தது. 'இதோ அப்பா வருகிறார்' என்பது அதன் பெயர். வெள்ளை உடுத்திய ஒரு பெண், இடுப்பில் குழந்தை, காலடியில் நாய். பெண்ணாக நிற்பவர் அவருடைய சொந்த மகள் மகாபிரபா. வருகிற அப்பா படத்துக்குள் இல்லை. எல்லோர் பார்வையும் சட்டத்துக்கு வெளியே ஒரு பக்கமாகப் போகிறது, நாயின் பார்வை உட்பட. புராணம் இல்லை, சுவரில் கொட்டிய வெளிச்சம் இல்லை. இருபது வருஷம் நாடகம் போட்டுப் பார்த்த கை, நாடகத்தின் முக்கியப் பாத்திரத்தையே வெளியே நிறுத்திவிட்டுப் படத்தை முடிக்கிறது. தாய்வழிக் குடும்ப முறை ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலத்தில் அப்பாவை எதிர்பார்த்து நிற்கும் குடும்பம் என்று ஆய்வாளர்கள் இதை விரித்துப் பேசுவார்கள். அது இருக்கட்டும். அந்த வெள்ளைத் துணியை மட்டும் பாருங்கள். வெள்ளை என்று ஒரு நிறத்தை அவர் எங்குமே அப்படியே பூசவில்லை. மஞ்சளும் சாம்பலும் மாறி மாறி வந்து நம் கண்ணில் வெள்ளையாகிறது. அக்ரிலிக் டைட்டானியம் வெள்ளையை டியூபிலிருந்து நேராகப் பிதுக்கும் நண்பர்கள் இதை நல்ல பிரதியில் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். யார் என்று பெயர் சொல்லமாட்டேன்.

இந்த வளர்ச்சியெல்லாம் ஒரு தனி மனிதன் அறைக்குள் பூட்டிக்கொண்டு செய்ததும் அல்ல. தம்பி ராஜராஜ வர்மா பின்னணி நிலக்காட்சிகளை வரைந்தார், கணக்கு வழக்கு பார்த்தார், பயணம் ஏற்பாடு செய்தார், சொந்தமாகவும் நல்ல இயற்கைக் காட்சிகள் வரைந்தார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வந்தது. அந்தப் பட்டறை எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிவது அதனால்தான். 1905-ல் தம்பி போனதும் அண்ணன் ஒடிந்துபோனார். 1906 அக்டோபர் 2-ல் அவரும் போய்விட்டார். தங்கை மங்களாபாயும் ஓவியர். பதக்கம் வாங்கப் பட்டணம் பட்டணமாகப் போகும் வாய்ப்பு அன்றைய அந்தப்புரப் பெண்ணுக்கு இல்லை. அவர் அண்ணனை வரைந்த உருவப்படம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

அச்சகத்துக்கு வருவோம். யோசனை கொடுத்தவர் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்த சர் டி. மாதவ ராவ். உங்கள் படங்களை எல்லோரும் கேட்கிறார்கள், ஒரு ஜோடிக் கை எத்தனை வரையும், ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சு போடுங்கள் என்று 1880-களிலேயே எழுதினார். ரவி வர்மா ஐரோப்பாவை விட்டுவிட்டு அச்சு எந்திரத்தையே இங்கே இறக்கினார். இதில் முதல் ஆள் அவர் இல்லை என்பதைப் புனேக்காரர்களாகிய நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: விஷ்ணுசாஸ்திரி சிப்ளூங்கர் முயற்சியில் இந்த ஊரில் சித்ரசாலா அச்சகம் 1878-லேயே தொடங்கி, கடவுள் படங்களும் மராட்டிய வீரர்களின் படங்களும் கல்லச்சில் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கல்லச்சு வேலையைச் சற்று நினைத்துப்பாருங்கள். பவேரியாவிலிருந்து கப்பலில் வந்த சுண்ணாம்புக்கல் பலகை, ஓர் ஆளால் தூக்க முடியாத கனம். ஒரு படத்துக்கு ஒரு கல் அல்ல, ஒரு வண்ணத்துக்கு ஒரு கல். ஓவியத்தைப் பார்த்து, அதிலுள்ள மஞ்சள் எங்கெங்கே, சிவப்பு எங்கெங்கே என்று கண்ணாலேயே பிரித்து, கொழுப்பு மையால் கல்லில் வலம் இடமாக மாற்றி வரைய வேண்டும். கல்லில் நீரைத் தடவினால் மை இருக்கும் இடம் நீரை ஏற்காது. உருளையால் வண்ணம் ஏற்றினால் நீர் இருக்கும் இடம் வண்ணத்தை ஏற்காது. ஒரே தாள் ஒவ்வொரு கல்லின்மேலும் ஒருமுறை படுத்து எழ வேண்டும். ஒரு நூலிழை விலகினால் லட்சுமிக்கு உதடு கன்னத்தில் இருக்கும். கடைசியில் வார்னிஷ் பூசி, கேன்வாஸின் நெசவு தெரிகிற மாதிரி அழுத்தம் கொடுத்தால் எண்ணெய் ஓவியம் போலவே பளபளக்கும். அதுதான் ஓலியோகிராஃப். கல்லில் வரைந்த அந்தக் கைகளில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? மளவலியில் புகைப்பட, கல்லச்சு வேலை பார்த்த ஒருவரை மட்டும் நாடு நினைவில் வைத்திருக்கிறது, அதுவும் வேறு காரணத்துக்காக. 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த தாதாசாகேப் பால்கே அவர்.

வியாபாரமாகப் பார்த்தால் அச்சகம் ரவி வர்மாவுக்கு நஷ்டம். ஓவியராகப் பார்த்தாலும் ஒரு நஷ்டம் உண்டு: அவர் கைபடாத பிரதிகளின் பிரதிகளால்தான் பெரும்பாலோர் அவரை அறிந்தார்கள். விமரிசகர்கள் பிடித்துக்கொண்டதும் அங்கேதான். சென்னைக் கலைப் பள்ளியில் பொறுப்பு வகித்த ஹேவெல், சகோதரி நிவேதிதா, கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசாமி எல்லோரும் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். மேல்நாட்டு முறையில் கடவுளை நாடகக்காரியாக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டின் சாரம். பாரதி எதிர்ப்பக்கம் நின்றார். ரவி வர்மா மறைந்தபோது இரங்கற்பா எழுதினார், 'ஓவியர்மணி இரவிவர்மா' என்ற தலைப்பில் அவர் கவிதைத் தொகுப்பில் இருக்கிறது. நான் குமாரசாமியின் குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோயிலுக்குள் போக அனுமதிக்கப்படாதவர் வீட்டிலும் ஒரு கடவுள் படம் சில அணா விலையில் போய்ச் சேர்ந்ததை அவர்கள் யாரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. 1972-ல் அந்த அச்சகம் தீயில் அழிந்தது. 1979-ல் அரசு ரவி வர்மாவின் ஓவியங்களை தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது; அன்றிலிருந்து மூல ஓவியம் எதையும் நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போய் விற்க முடியாது.

அந்த அச்சுப் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயர் எழுதும் விஷயத்தில் அவர்தான் எனக்கு முன்மாதிரி. கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு, 1898–1976. சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கம்பெனி கலைந்ததும் 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சிவகாசி நாட்காட்டிகளில் நாம் பார்த்த மீனாட்சி கல்யாணங்களும் முருகன்களும் அவரிடமிருந்தும் அவருடைய மாணவர்களிடமிருந்தும் வந்தவை. அந்தப் படங்களில் சிலவற்றின் மூலையைப் பாருங்கள்: கொண்டைய ராஜுவின் பெயரோடு மாணவர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்து இருக்கும். சிலவற்றில் மு. ராமலிங்கத்தின் பெயர். தன் பெயருக்குப் பக்கத்தில் மாணவனுக்கும் இடம் விடுவதற்கு அவருக்குக் கை கூசவில்லை. படத்தின் விலையும் அதனால் குறையவில்லை.

ஆகவே, இனி உங்களிடம் கேட்பது. மயில் நண்பருக்கு: அடுத்த ஆறு மாதம் மயில் வேண்டாம். காக்கை வரையுங்கள், நீலம் எங்கே போகிறது என்று தெரியும். விசாப்பூர் அருவி வரைந்த மூன்று பேருக்கும்: ஒருவர் படத்தை ஒருவர் வாங்கி வீட்டில் மாட்டிப் பாருங்கள், மற்றவர் எங்கே தண்ணீரை விட்டிருக்கிறார், எங்கே தாளை விட்டிருக்கிறார் என்று. கண்காட்சியில் என்னோடு பேசிய தேஹு ரோட்டுத் தம்பிக்கு: பயிற்சி இல்லை என்று தயங்காதீர்கள், அதையே பட்டயமாக மாட்டிக்கொள்ளவும் செய்யாதீர்கள். இந்த ஊரில் படித்துக் கற்ற ஓவியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மராத்தி தெரியாது என்று ஒதுங்கி நிற்காமல் போய்க் கதவைத் தட்டுங்கள். சொல்லித்தர மறுப்பவரும் உண்டு, நின்று பார்க்க விடுபவரும் உண்டு, இரவில் வந்து சொல்லிக்கொடுப்பவரும் உண்டு. மூன்று வகையையும் ரவி வர்மா சந்தித்தார், மூன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. அடுத்த கண்காட்சியில் தலைப்பு, அளவு, ஊடகம், விலை என்று அட்டை எழுதுவீர்கள் இல்லையா, அதற்கடியில் ஒரு வரி சேருங்கள்: இந்தப் படத்தில் நான் செய்திருக்கும் இன்னதை இன்னாரிடம் கற்றேன். கடை ஊழியரானால் கடை ஊழியர், டிராயிங் மாஸ்டரானால் மாஸ்டர். அவர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். முடிந்தால் திறப்பு விழாவுக்கும் அழைத்து வாருங்கள். தேதி முடிவானதும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வருகிறேன், அந்த வரி இருக்கும் படம் ஒன்றை விலைக்கும் வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கண்காட்சிக்கு வந்துபோன பார்வையாளன்